டீசல் வாங்கச் சொன்ன அதே அரசு

2023 ஜூலை 20 அன்று பிரிட்டனில் ஒரே நாளில் மூன்று நாடாளுமன்ற இடைத்தேர்தல்கள் நடந்தன. ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சி மூன்றிலும் மண்ணைக் கவ்வும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். இரண்டில் அப்படியே நடந்தது. வடக்கே செல்பி தொகுதியில் இருபதாயிரம் வாக்கு வித்தியாசத்தில் நின்றிருந்த கோட்டை சரிந்தது. மூன்றாவது தொகுதி லண்டனின் மேற்கு விளிம்பில் உள்ள அக்ஸ்பிரிட்ஜ். போரிஸ் ஜான்சன் பதவி விலகியதால் காலியான இடம். அங்கே மட்டும் கட்சி 495 வாக்குகளில் தப்பித்தது.

எப்படித் தப்பித்தது என்பதை வெற்றி பெற்ற ஸ்டீவ் டக்வெல் தன் ஏற்புரையிலேயே சொல்லிவிட்டார். லண்டன் மேயர் சாதிக் கானின் 'யூலெஸ்' திட்டம்தான் எதிர்க்கட்சியைத் தோற்கடித்தது என்றார். பழைய, அதிகம் புகைவிடும் வண்டிகள் நகருக்குள் ஓட ஒரு நாளைக்குப் பன்னிரண்டரை பவுண்டு கட்டணம் என்பது அந்தத் திட்டம். 2019-இல் மத்திய லண்டனில் தொடங்கியது. 2021-இல் சற்று விரிந்தது. 2023 ஆகஸ்ட் 29 முதல் புறநகர் உட்பட லண்டன் முழுவதையும் தழுவப்போகிறது என்ற அறிவிப்பு வந்திருந்த நேரத்தில்தான் அந்தத் தேர்தல். தொழிலாளர் கட்சி வேட்பாளரே, இது விரிவாக்கத்துக்கு உகந்த நேரமில்லை என்று தன் கட்சி மேயருக்கு எதிராகப் பேசவேண்டி வந்தது.

அக்ஸ்பிரிட்ஜுக்குப் பக்கத்தில்தான் ஈழத்தமிழர் திரளாக வாழும் ஹாரோ இருக்கிறது. விரிவாக்கத்தை எதிர்த்து உயர்நீதிமன்றம் போன ஐந்து உள்ளாட்சிகளில் ஹாரோவும் ஒன்று. வழக்கு தோற்றது. கட்டணம் வசூலிக்க வண்டிகளைக் கண்காணிக்கும் கேமராக்கள் வந்தன. சில பகுதிகளில் அவற்றின் கம்பியை இரவோடு இரவாக வெட்டிப் போட ஆட்களும் கிளம்பினார்கள்.

யூலெஸ் நகராட்சி சம்பந்தப்பட்டது. பெட்ரோல் கார் விற்பனையைக் குறைத்து மின்சார கார்களைக் கூட்டச் சொல்லும் தேசியச் சட்டம் வேறு. ஆனால் பிரிட்டன் மக்கள் மனத்தில் இரண்டும் ஒரே கணக்கில்தான் எழுதப்படுகின்றன. 'என் வண்டியில் கைவைக்கிறார்கள்' என்ற கணக்கு. அதை அவர்கள் ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்பதற்குக் கால் நூற்றாண்டு வரலாறு உண்டு.

நல்ல பிள்ளையாக இருந்த டீசல்

2001-இல் பிரிட்டன் நிதியமைச்சர் கார்டன் பிரவுன் கார்களுக்கான ஆண்டு வரியைப் புதிய முறையில் விதித்தார். வெளிவரும் கரியமில வாயு எவ்வளவு குறைவோ அவ்வளவு வரி குறைவு. டீசல் கார் ஒரு லிட்டரில் அதிக தூரம் ஓடும். ஆகவே கரியமில வாயுவும் குறைவு. வரியும் மிச்சம், மனசாட்சிக்கும் நிம்மதி. சனங்கள் டீசலுக்கு மாறினார்கள். 2000-இல் விற்ற புதுக் கார்களில் ஏழில் ஒன்றுதான் டீசல். 2012-இல் பாதிக்கு மேல் டீசல்.

டீசல் புகையில் கரியமில வாயு குறைவாக இருக்கலாம். நுரையீரலைப் பாதிக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் நுண்துகள்களும் அதில் அதிகம் என்பது மருத்துவர்களுக்கும் நிபுணர்களுக்கும் தெரிந்த விஷயம்தான். பருவநிலைக் கவலையில் அது பின்னுக்குப் போயிருந்தது. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம், பரிசோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளைக் கார்களில் பொருத்தியிருந்தது அம்பலமாயிற்று. நல்ல பிள்ளையாக இருந்த டீசல் ஒரே வாரத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றது.

யூலெஸ் விதியின் நுணுக்கத்தைப் பார்த்தால் கோபத்தின் காரணம் விளங்கும். பெட்ரோல் கார் என்றால் ஏறத்தாழ 2006-க்குப் பின் பதிவானவை கட்டணமின்றி ஓடலாம். டீசல் என்றால் 2015 செப்டம்பர் வாக்கில் வந்தவை முதல்தான் விலக்கு. அதாவது 2006-இல் வாங்கிய பழைய பெட்ரோல் கார் தாராளமாகப் போகலாம். அரசு வரிச்சலுகை தருகிறதே என்று 2013-இல் டீசல் கார் வாங்கியவர் தினம் பன்னிரண்டரை பவுண்டு எடுத்து வைக்கவேண்டும்.

மேயர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. லண்டனின் லூயிஷம் பகுதியில் நெரிசலான சாலையோரம் வாழ்ந்த எல்லா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013-இல் ஆஸ்துமாவால் இறந்தாள். அவள் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். லண்டனில் ஓடும் கார்களில் பத்தில் ஒன்பது கட்டணத்துக்குள் வரவே வராது என்று நகரப் போக்குவரத்துத் துறை புள்ளிவிவரம் காட்டியது. பழைய வண்டியைக் கழித்துப்போட உதவித்தொகையும் வந்தது. ஆனாலும் 'அன்று வாங்கச் சொன்னவர்களும் நீங்கள்தானே' என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. மின்சார கார் பற்றிய வாக்குறுதிகள் எல்லாம் இந்தப் பதிலில்லாத கேள்வியின் மேல்தான் வந்து உட்கார்ந்தன.

வாகன ஓட்டிகளைக் கண்டு நடுங்கும் அரசுகள்

வண்டி ஓட்டுபவரைச் சீண்டினால் என்ன ஆகும் என்பதைப் பிரிட்டன் அரசியல்வாதிகள் 2000 செப்டம்பரில் கற்றுக்கொண்டார்கள். எரிபொருள் வரியை ஒவ்வோர் ஆண்டும் விலைவாசியைவிடக் கூடுதலாக ஏற்றும் ஏற்பாடு 1993-இலிருந்து 1999 வரை இருந்தது. கச்சா எண்ணெய் விலையும் சேர்ந்து ஏறியபோது விவசாயிகளும் லாரிக்காரர்களும் ஸ்டான்லோ முதலான எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் வாசலில் மறியலில் உட்கார்ந்தார்கள். சில நாள்களில் ஆயிரக்கணக்கான பெட்ரோல் நிலையங்கள் வறண்டன. அசைக்க முடியாதவர் என்று கருதப்பட்ட டோனி பிளேரின் கட்சி கருத்துக்கணிப்பில் தற்காலிகமாகப் பின்தங்கியது.

அந்தப் பயம் இன்னும் தெளியவில்லை. 2011 முதல் 2025 முடியும்வரை எந்த நிதியமைச்சரும் எரிபொருள் வரியை ஏற்றவில்லை. லிட்டருக்கு 57.95 பென்ஸில் உறைந்து நின்ற வரி, 2022-இல் 5 பென்ஸ் குறைக்கப்பட்டது. விலைவாசி ஏறியதைக் கணக்கில் கொண்டால் பெட்ரோல் மீதான வரி ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது என்றுதான் பொருள். ஒரு கையால் மின்சார காருக்கு மாறச் சொன்ன அரசுகள் மறு கையால் பெட்ரோலை மலிவாக வைத்திருந்தன.

நகர்ந்துகொண்டே இருந்த தேதி

2017 ஜூலையில் தெரசா மே அரசு, 2040-க்குப் பின் புதிய பெட்ரோல், டீசல் கார்கள் விற்கக்கூடாது என்று அறிவித்தது. 2020 பிப்ரவரியில் போரிஸ் ஜான்சன் அதை 2035-க்கு முன்னே இழுத்தார். அதே ஆண்டு நவம்பரில் இன்னும் இழுத்து 2030 என்றார். மூன்று வருடத்தில் பத்து வருடம் குறைந்துவிட்டது. இவையெல்லாம் பருவநிலை மாநாட்டு மேடைகளுக்கும் பத்து அம்சத் திட்டங்களுக்கும் நடுவே வந்த அறிவிப்புகள். விற்பனைக்கு வந்த மின்கார்கள் அப்போது சொற்பம். வாக்காளர் பெரிதாகக் கவனிக்கவில்லை.

அக்ஸ்பிரிட்ஜ் முடிவு வந்தபின் நிலைமை மாறியது. கட்சி தோற்றுக்கொண்டிருந்த காலத்தில் 495 வாக்கு வித்தியாசம் ஒரு துருப்புச்சீட்டாகத் தெரிந்தது. 2023 செப்டம்பர் 20 அன்று பிரதமர் ரிஷி சுனக் தொலைக்காட்சியில் தோன்றி, 2030 தடையை 2035-க்குத் தள்ளிவைப்பதாகச் சொன்னார். சாதாரணக் குடும்பங்களைச் சுமையிலிருந்து காப்பாற்றுவதே நோக்கம் என்றார். அதே உரையில் இறைச்சி வரி, கட்டாய கார் பகிர்வு, வீட்டுக்கு ஏழு குப்பைத்தொட்டி ஆகியவற்றையும் ரத்து செய்வதாக அறிவித்தார். அவற்றில் எதுவும் சட்டமாக இருந்ததே இல்லை. இல்லாத வரியை ரத்து செய்த பிரதமரைப் பத்திரிகைகள் பல நாள் கிண்டலடித்தன.

இன்னும் பெரிய வேடிக்கை அடுத்த வாரம் நடந்தது. அதே அரசின் போக்குவரத்துத் துறை, கார் நிறுவனங்களுக்கான கட்டாய விகிதத்தை உறுதிசெய்தது. 2024-இல் விற்கும் கார்களில் 22 சதவீதம் புகையில்லாதவையாக இருக்கவேண்டும், 2030-இல் 80 சதவீதம், 2035-இல் நூறு. தடைதான் ஐந்தாண்டு தள்ளிப்போனதே தவிர, 2030-இல் ஐந்தில் நான்கு புதுக் கார்கள் மின்சாரத்தில் ஓடவேண்டும் என்ற விதி அப்படியே இருந்தது. தலைப்புச் செய்தி ஒரு திசையிலும் அரசாணை வேறு திசையிலும் போயின.

ஃபோர்டு நிறுவனத்தின் பிரிட்டன் தலைவர் லிசா பிராங்கின், அரசிடம் தங்களுக்கு வேண்டியவை இலட்சியம், உறுதி, மாறாத நிலைப்பாடு என்றும், தேதியைத் தளர்த்தினால் மூன்றும் கெடும் என்றும் வெளிப்படையாகவே எதிர்த்தார். சுற்றுச்சூழல் ஆர்வலர் அல்ல அவர், கார் விற்பவர். கோடிக்கணக்கில் ஆலையில் பணம் போட்டவருக்குத் தேதி கடுமையாக இருப்பதைவிட ஆடிக்கொண்டே இருப்பதுதான் தொல்லை.

2024 ஜூலையில் தொழிலாளர் கட்சி ஆட்சிக்கு வந்தது. தேதி மறுபடி 2030-க்குத் திரும்பியது. ஆனால் 2025 ஏப்ரலில், டிரம்ப் விதித்த இறக்குமதி வரி கார் தொழிலைத் தாக்கியபோது, கியர் ஸ்டார்மர் அரசு சில தளர்வுகளைத் தந்தது. பெட்ரோலோடு மின்மோட்டாரும் கொண்ட ஹைபிரிட் கார்கள் 2035 வரை விற்கலாம். ஆஸ்டன் மார்ட்டின், மெக்லாரன் மாதிரி சிறு உற்பத்தியாளர்களுக்கு விலக்கு. இலக்கைத் தவறவிட்டால் ஒரு காருக்கு 15,000 பவுண்டு என்றிருந்த அபராதம் 12,000 ஆனது.

கட்டாயம் யாருக்கு?

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொண்ட ஒன்று உண்டு. இந்தச் சட்டம் எந்தக் குடிமகனையும் மின்சார கார் வாங்கச் சொல்லவில்லை. இருக்கும் பெட்ரோல் காரை 2030-க்குப் பிறகும் ஓட்டலாம், விற்கலாம், பழைய கார் சந்தையில் இன்னொன்று வாங்கவும் செய்யலாம். விதி பாய்வது உற்பத்தியாளர் மேல்.

ஒரு நிறுவனம் 2025-இல் பிரிட்டனில் ஒரு லட்சம் கார் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டின் இலக்கு 28 சதவீதம். ஆகவே 28,000 கார்கள் மின்கார்களாக இருக்கவேண்டும். 25,000 மட்டுமே விற்றால் 3,000 குறைகிறது. காருக்கு 12,000 வீதம் 3.6 கோடி பவுண்டு அபராதம். இது காகிதக் கணக்கு. நடைமுறையில் தப்பிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. இலக்கை மிஞ்சி விற்ற நிறுவனங்களிடமிருந்து உபரியைக் காசு கொடுத்து வாங்கலாம். வரும் ஆண்டுகளின் கணக்கிலிருந்து கடன் எடுக்கலாம். தன் பெட்ரோல், ஹைபிரிட் கார்களின் புகையைக் குறைத்து அதையும் ஈடாகக் காட்டலாம். இந்தச் சலுகைகளால் 2024-இன் உண்மையான இலக்கு 22 சதவீதத்துக்குக் கீழேயே நின்றது. அந்த ஆண்டு ஒரு நிறுவனம்கூட அபராதம் கட்டவில்லை.

விற்பனையும் ஏறாமல் இல்லை. 2024-இல் புதுக் கார்களில் 19.6 சதவீதம் மின்கார்கள். 2025-இல் 23.4 சதவீதம், எண்ணிக்கையில் ஏறத்தாழ 4.73 லட்சம். இலக்கைத் தொடவில்லை என்றாலும் ஏறுமுகம்தான். இந்த ஏற்றத்துக்குக் கொடுத்த விலை என்ன என்பதில்தான் சண்டை. 2024-இல் மட்டும் மின்கார்களை விற்க 450 கோடி பவுண்டு தள்ளுபடி தரவேண்டியிருந்தது என்று கார் உற்பத்தியாளர் சங்கம் சொன்னது.

2024 நவம்பரில் ஸ்டெல்லன்டிஸ் நிறுவனம் லூட்டனில் உள்ள தன் வாக்ஸ்ஹால் வேன் ஆலையை மூடப்போவதாக அறிவித்தபோது இந்தக் கட்டாய விகிதத்தையும் ஒரு காரணமாகக் காட்டியது. 1905 முதல் வாக்ஸ்ஹால் பெயரோடு வாழ்ந்த ஊர் அது. சுமார் 1,100 பேர் வேலை கேள்விக்குறியானது. 2025 மார்ச்சில் கடைசி வண்டி வெளியேறியது. மின்வேன் தயாரிக்கும் எல்ஸ்மியர் போர்ட் ஆலைக்கு உற்பத்தி மாறியது. சட்டத்தால்தான் மூடினார்களா, ஏற்கெனவே செலவைச் சுருக்க நினைத்திருந்தவர்கள் சட்டத்தைச் சாக்காகக் காட்டினார்களா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்தில்லை. வேலை போனவருக்கு அந்த விவாதம் சோறு போடாது.

மறுபக்கமும் உண்டு. 2008-இல் ஃபோர்டிடமிருந்து ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கிய டாடா குழுமம், இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் 400 கோடி பவுண்டு செலவில் பேட்டரி ஆலை கட்டுகிறது. அதே குழுமத்தின் டாடா மோட்டார்ஸ், தமிழ்நாட்டின் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியது. லண்டன் நாடாளுமன்றத்தில் ஒரு தேதி மாறினால் அந்தக் கணக்கு மும்பைத் தலைமையகத்திலும் திருத்தி எழுதப்படும்.

வாசலில் இடமுள்ளவர், இல்லாதவர்

எலெக்ட்ரிக் காரை யார் வெறுக்கிறார்கள் என்று தேடினால் கிடைப்பது வேறொரு பிளவு. வீட்டு வாசலில் காரை நிறுத்த இடம் உள்ளவர்கள் ஒரு பக்கம். தெருவில் நிறுத்துபவர்கள் மறுபக்கம்.

வாசலில் இடமிருந்தால் சுவரில் ஒரு சார்ஜர் மாட்டி, இரவுநேரச் சிறப்புக் கட்டணத்தில் யூனிட் ஏழெட்டு பென்ஸுக்கு மின்சாரம் ஏற்றிக்கொள்ளலாம். அறுபது யூனிட் பேட்டரி நிரம்ப ஐந்து பவுண்டுகூட ஆகாது. பிரிட்டனின் பழைய தொழில் நகரங்களிலோ ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள், வாசற்படி இறங்கினால் நடைபாதை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்குச் சொந்த நிறுத்துமிடம் கிடையாது. அவர்கள் பொது சார்ஜரைத் தேடிப் போகவேண்டும். அதிவேக சார்ஜரில் யூனிட் 70 பென்ஸைத் தாண்டும். அதே பேட்டரிக்கு நாற்பது பவுண்டுக்கு மேல்.

இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி அரசே போட்டது. வீட்டு மின்சாரத்துக்கு மதிப்புக்கூட்டு வரி 5 சதவீதம். பொது சார்ஜருக்கு 20 சதவீதம். வசதியுள்ளவர் குறைந்த வரியும், தெருவில் நிறுத்துபவர் நான்கு மடங்கு வரியும் கட்டுகிறார்கள். இதைச் சமப்படுத்துங்கள் என்று நாடாளுமன்ற மேலவைக் குழு 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. அடுத்தடுத்து வந்த பட்ஜெட்களில் அது நடக்கவில்லை.

புதிய மின்கார்களின் பெரும்பகுதி தனிநபர் வாங்குபவையும் அல்ல. அலுவலகக் கார்களுக்கு வரி சொற்பம் என்பதால் நிறுவனங்கள் வழியாகவே அதிகம் போகின்றன. சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்து கார் எடுக்கும் திட்டத்தில் அதிக வருமான வரி கட்டுபவருக்குத்தான் அதிக ஆதாயம். தனிநபருக்கான மானியம் 2011-இல் 5,000 பவுண்டில் தொடங்கி, படிப்படியாகத் தேய்ந்து, 2022 ஜூனில் நின்றுபோனது. மூன்றாண்டு கழித்து, 2025 ஜூலையில், 37,000 பவுண்டுக்குள் உள்ள கார்களுக்கு 3,750 வரை என்று வேறு வடிவில் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் முழு விலை கொடுத்து வாங்கியவர் வயிறெரிந்ததில் ஆச்சரியமில்லை.

பொது சார்ஜர்கள் 2025 இறுதியில் சுமார் 87 ஆயிரம் ஆகிவிட்டன. எண்ணிக்கை குறைவில்லை, பங்கீடுதான் கோணல். லண்டனிலும் தென்கிழக்கிலும் அடர்த்தி. வடக்கிலும் கிராமங்களிலும் குறைவு. தலைநகர் தனக்கு ஏற்றபடி சட்டம் போட்டுவிட்டு மற்ற ஊர்களை மறந்துவிடுகிறது என்ற பழைய மனக்குறைக்கு இது புதிய சான்றாகிவிட்டது.

வதந்திக்கு வாய்த்த நிலம்

2023 அக்டோபர் 10 இரவு லூட்டன் விமான நிலையத்தின் கார் நிறுத்தக் கட்டடம் பற்றி எரிந்தது. 1,400-க்கும் மேற்பட்ட வண்டிகள் நாசம். தீ அணையும் முன்பே, எலெக்ட்ரிக் கார்தான் வெடித்தது என்ற செய்தி உலகம் சுற்றிவிட்டது. தீ தொடங்கியது ஒரு டீசல் காரில் என்று தீயணைப்புத் துறை தெளிவுபடுத்தியது. வதந்தி நின்றபாடில்லை.

நம் ஊரில் மிஸ்டர் பீன் என்று குழந்தைகளுக்கும் தெரிந்த ரோவன் அட்கின்சன் மின்பொறியியல் படித்தவர்; மின்கார்களை ஆரம்பத்திலேயே வாங்கியவர். 2023 ஜூனில் கார்டியன் நாளிதழில் அவர் எழுதிய கட்டுரையில், பேட்டரி தயாரிப்பில் ஆகும் மாசைக் கணக்கிட்டால் தான் ஏமாற்றப்பட்டதாகத் தோன்றுகிறது என்றும், இருக்கும் பெட்ரோல் காரை நீண்டநாள் ஓட்டுவதே பலருக்கு உத்தமம் என்றும் சொன்னார். விஞ்ஞானிகள் மறுப்பு எழுதினார்கள்: தயாரிப்பில் கூடும் மாசை ஓடும் காலத்தில் மின்கார் ஈடுகட்டி மிஞ்சிவிடும் என்றார்கள். மேலவைக் குழுவிடம் சாட்சியம் அளித்த ஓர் அமைப்பு, மக்கள் நம்பிக்கையைக் கெடுத்தவற்றில் ஒன்றாக அந்தக் கட்டுரையைக் குறிப்பிட்டது.

ஒரு நகைச்சுவை நடிகரின் கட்டுரை எப்படி அரசின் விளம்பரங்களைவிட எடுபட்டது? டீசல் விஷயத்தில் ஒருமுறை ஏமாந்த சனங்கள் அவர்கள். இரண்டாவது முறையும் அதுதான் நடக்கும் என்று யார் சொன்னாலும் காது கொடுப்பார்கள்.

அவநம்பிக்கை கார்களோடு நிற்கவில்லை. 2016 ஜூலைக்கும் 2024 ஜூலைக்கும் இடையே பிரிட்டனில் ஐந்து பேர் பிரதமராகப் பதவியேற்றார்கள். 2024-இல் வெளியான பிரிட்டிஷ் சமூக மனப்போக்கு ஆய்வில், எந்தக் கட்சி அரசானாலும் கட்சி நலனைவிட நாட்டு நலனை முன்வைக்கும் என்று 'ஏறக்குறைய ஒருபோதும்' நம்புவதில்லை என்றவர்கள் 45 சதவீதம். அந்த ஆய்வு வரலாற்றிலேயே இது உச்சம். அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில் வாக்களித்தவர்கள் 60 சதவீதத்தைத் தொடவில்லை. விழுந்த வாக்கில் மூன்றில் ஒரு பங்கு வாங்கிய கட்சி 650-இல் 411 இடங்களைப் பிடித்தது. ஆட்சி மாறியதே தவிர, ஆட்சியின் மேல் இருந்த கசப்பு மாறவில்லை.

அந்தக் கசப்பை அறுவடை செய்தவர் ரிஃபார்ம் யூகே கட்சியின் நைஜல் ஃபராஜ். 2025 மே உள்ளாட்சித் தேர்தலில் அவர் கட்சி பத்து மன்றங்களைக் கைப்பற்றியது. பெட்ரோல் கார் தடையும் வேண்டாம், கரியமில சமநிலை இலக்கும் வேண்டாம் என்பது அதன் நிலை. 2008-இல் பருவநிலைச் சட்டம் வந்தபோது எதிர்த்து வாக்களித்த உறுப்பினர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 2050-க்குள் கரியமில சமநிலை என்று 2019-இல் சட்டம் ஆக்கியதே கன்சர்வேட்டிவ் அரசுதான். அதே கட்சியின் தலைவர் கெமி பேடனோக், 2025 அக்டோபரில் அந்த 2008 பருவநிலைச் சட்டத்தையே நீக்குவோம் என்றார். மின்கார் கட்டாய விகிதத்தையும் நீக்குவோம் என்று அந்த ஆண்டு முடிவதற்குள் சேர்த்துச் சொன்னார்.

மைலுக்கு மூன்று பென்ஸ்

இத்தனைக்கும் நடுவே கருவூலத்துக்குத் தன் கவலை. பெட்ரோல், டீசல் வரி ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 கோடி பவுண்டு கொடுக்கிறது. எல்லாரும் மின்காருக்கு மாறினால் அது காற்றோடு போய்விடும். இதைப் பத்தாண்டுகளாகப் பல குழுக்கள் சொல்லிவந்தன. எந்த அமைச்சரும் தொடத் துணியவில்லை. 2025 நவம்பர் 26 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் தொட்டார். 2028 ஏப்ரல் முதல் மின்கார்களுக்கு மைலுக்கு 3 பென்ஸ், பிளக்-இன் ஹைபிரிட்டுக்கு 1.5 பென்ஸ். ஆண்டுக்கு 8,000 மைல் ஓட்டுபவருக்கு 240 பவுண்டு.

பெட்ரோல்காரர் லிட்டர் வழியாகக் கட்டும் வரியோடு ஒப்பிட்டால் இது சுமார் பாதிதான். சாலையை எல்லாரும் பயன்படுத்தும்போது எல்லாரும் கொடுக்கவேண்டும் என்ற வாதத்திலும் தவறில்லை. ஆனால் அதே பட்ஜெட்டில்தான் மின்கார் மானியத்துக்கு மேலும் 130 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். புதிய வரியால் சில ஆண்டுகளில் 4.4 லட்சம் மின்கார் விற்பனை குறையும், மானியம் முதலியவற்றால் 3.2 லட்சம் கூடும் என்று பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் கணித்தது. கூட்டிக் கழித்தால் 1.2 லட்சம் நஷ்டம். விற்பனையைக் கூட்டாவிட்டால் நிறுவனத்துக்கு அபராதம். வாங்கினால் ஓட்டுபவருக்கு மைல் வரி. டீசல் கதையை நேரில் பார்த்த தலைமுறைக்கு இந்தக் காட்சி பழக்கப்பட்டதாகவே இருந்தது.

நார்வேயை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். அங்கே 2025-இல் விற்ற புதுக் கார்களில் 95 சதவீதத்துக்கு மேல் மின்கார்கள். அந்த நாடு பெட்ரோல் கார் விற்பனையைச் சட்டத்தால் தடை செய்யவே இல்லை. 1990-களிலிருந்து மின்காருக்கு வரிவிலக்கு, பெட்ரோல் காருக்குக் கடும் வரி என்ற ஒரே பாதையில், ஆட்சிகள் மாறினாலும் விலகாமல் நடந்தது. சலுகைகளைக் குறைக்கத் தொடங்கியதும் மின்கார் வேரூன்றிய பிறகுதான். எண்ணெய் விற்ற காசு கையில் இருந்தது அவர்களுக்கு வசதி என்பதும் உண்மை. பிரிட்டனும் வட கடலில் எண்ணெய் எடுத்த நாடுதான்.

பிரிட்டனின் சட்டப் புத்தகத்தில் 2026-க்கு 33, 2027-க்கு 38, 2028-க்கு 52, 2029-க்கு 66 சதவீதம் என்று இலக்குகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. படி ஏறுவது செங்குத்தாகும் இடத்தில், 2028 ஏப்ரலில், மைல் வரி வந்து சேரும். அடுத்த பொதுத்தேர்தல் 2029 ஆகஸ்ட் 15-க்குள் நடந்தாகவேண்டும். விகிதத்தை நீக்குவோம் என்று அறிவித்த இரண்டு கட்சிகள் அப்போது களத்தில் இருக்கும். கார் நிறுவனங்கள் ஒரு புது மாடலை வரைந்து ஆலைக்குள் கொண்டுவர நான்கைந்து ஆண்டு எடுக்கும். ஆகவே அந்தத் தேர்தலுக்குப் பிறகு பிரிட்டனில் விற்கவேண்டிய கார்களை அவை இப்போதே தீர்மானித்தாகவேண்டும்.